அவர் சொல்ல வந்தது பாஸ்வேர்டு அல்ல

கொரோனா அடங்கி, ஊர் பழையபடி நடமாடத் தொடங்கியிருந்த வருஷம். ஐப்பசி அடைமழை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இப்போது இருக்கும் இதே மாடி வீட்டில்தான் அப்போதும் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் அரியாங்குப்பத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு சாயங்காலம் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். ஆற்றுப் பாலத்தைத் தாண்டியதும் சாலை முழுக்கத் தண்ணீர். அதற்குள் பள்ளம் இருந்தது தெரியவில்லை. வண்டி சாய்ந்து, சாலை நடுவில் இருந்த சிமென்ட் தடுப்பில் தலை மோதிவிட்டது. ஹெல்மெட் வண்டிக் கண்ணாடியில் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் பாதிப் பேர் அதை அப்படித்தான் கொண்டுபோவார்கள்.

மண்டையைத் திறந்து ரத்தக்கட்டை எடுத்தார்கள். பல நாள் நினைவில்லாமல் கிடந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நான் வேண்டாத சாமி இல்லை. மனிதர் கண் விழித்தால் போதும், என்னையும் மகளையும் அடையாளம் தெரிந்தால் போதும், வேறு ஒன்றும் கேட்க மாட்டேன் என்றுதான் வேண்டிக்கொண்டேன். கண் விழித்தார். எங்களைத் தெரிந்தது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அவரிடமிருந்து என்னென்ன போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. நடை கொஞ்ச நாளில் சரியாகிவிட்டது. பேச்சுதான் வரவில்லை. ஃபேனைக் காட்டி, "அது... சுத்துறது" என்பார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பெயர் சட்டென்று வரும். நேற்று வீட்டுக்கு வந்துபோனவர் யார் என்று தெரியாது. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டு முன்னால் உட்கார்ந்து கரண்டி என்ற சொல்லுக்காகத் திணறிக்கொண்டிருந்தவர், திடீரென்று "குய்யேர்" என்றார். சிறு வயதில் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் பள்ளியில் படித்தவர். தமிழ்ச் சொல் போய், எப்போதோ படித்த பிரெஞ்சுச் சொல் முன்னால் வந்து நின்றது. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். அதன்பிறகு எங்கள் வீட்டில் கரண்டிக்கு அதுதான் பெயர்.

இனி அந்தக் கிரிப்டோ காயின் விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

அவர் சாரம் பகுதியில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தார். விபத்துக்குப் பல வருஷம் முன்பே, கூட வேலை பார்க்கிற பையன்கள் வாங்குகிறார்கள் என்று அவரும் கிரிப்டோ வாங்க ஆரம்பித்தார். நாம் ஏலச்சீட்டு கட்டுவதுபோல, சம்பளத்தில் மீந்ததை அதில் போட்டுவந்தார். எனக்கு அது பிடிபடவே இல்லை. கண்ணால் பார்க்க முடியாத காசு என்ன காசு, நகையாக வாங்கியிருந்தால் கழுத்திலாவது போட்டுக்கொள்ளலாமே என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் கோபப்பட்டதே இல்லை. பிறகு அதன் விலை ஏறிய கதை ஊருக்கே தெரியும். ஒரு கட்டத்தில் அதை விற்றால் சொந்தமாக ஒரு வீடு வாங்கிவிடலாம் என்ற நிலை வந்தது. சாரத்தில் ஒரு வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டுக்கூட வந்தோம். இன்னும் கொஞ்சம் ஏறட்டும் என்று அவர் சொன்னார். நானும் சரி என்றேன்.

அந்தச் சமயத்தில் அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவருக்கு யாரோ ஒரு லிங்க் அனுப்பி, அவர் வைத்திருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு போய்விட்டார்கள். இவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பூட்டு வைத்த பென்டிரைவ் ஒன்று வாங்கிவந்தார். பார்க்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரில் செருகினால் பாஸ்வேர்டு கேட்கும். காயினை எடுப்பதற்கான சாவி மாதிரி ஏதோ ஒன்று அதற்குள் இருக்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். தப்பான பாஸ்வேர்டை இத்தனை முறைக்கு மேல் போட்டால் அது உள்ளே இருப்பதைத் தானே அழித்துவிடும். திருடன் கையில் கிடைத்தாலும் பிரயோஜனம் இல்லை. அந்தச் சாவிக்கு வேறு நகல் வைத்திருந்தால் அதுவும் ஆபத்துதான் என்று, இருந்ததையெல்லாம் அழித்துவிட்டார். பீரோவில் பென்டிரைவ் வைத்த இடத்தை எனக்குக் காட்டினார்.

"பாஸ்வேர்டு என் தலையில இருக்கு. அங்கேர்ந்து எவனும் எடுக்க முடியாது" என்றார்.

எனக்குச் சொல்லி வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

விபத்து நடந்த பிறகு ஆஸ்பத்திரிச் செலவுக்கு என் நகைகள் போயின. கொழுந்தனார் அரியாங்குப்பத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். அவரும் கடைமேல் கடன் வாங்கிப் போட்டார். கம்பெனிக்காரர்கள் சில மாதம் சம்பளம் அனுப்பினார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. நான் நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறேன். அந்தச் சம்பளத்தில் வாடகையும் மருந்தும் மகளின் ஸ்கூல் ஃபீஸும் அடங்கவே இல்லை. அப்போதுதான் நாங்கள் பீரோவைத் திறந்து அந்தப் பென்டிரைவை வெளியே எடுத்தோம்.

முதல் தடவை அவரையே லேப்டாப் முன்னால் உட்காரவைத்தோம். விரல்கள் தானாகவே நினைவு வைத்திருக்கும் என்று கொழுந்தனார் நம்பினார். இவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மகளின் பெயரையும் பிறந்த வருஷத்தையும் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார். திறக்கவில்லை. இன்னும் எத்தனை முறை முயலலாம் என்று திரையில் வந்தது. 

நேரு வீதிக்குப் பின்பக்கம் கம்ப்யூட்டர் சரிசெய்யும் கடையில் கொண்டுபோய்க் காட்டினோம். கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட்டார். இதை உடைத்துத் திறக்கவே முடியாது, திறந்து தருகிறேன் என்று எவனாவது காசு கேட்டால் நம்பாதீர்கள், வீட்டுக்காரருக்கு ஞாபகம் வந்தால்தான் உண்டு என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். காலையில் காபி டம்ளரை நீட்டும்போது, "ஏதாச்சும் ஞாபகம் வந்துச்சாங்க?" என்று கேட்பேன். வேலைக்குக் கிளம்பும்போது, வந்தால் போன் பண்ணுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவேன். எங்களோடு இருக்கும் மாமியார் சோறு போடும்போது கேட்பார். பார்க்க வரும் உறவுக்காரர்கள்கூட, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்ட கையோடு அதையும் கேட்பார்கள். எப்படியோ எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

கொழுந்தனாரைத் தப்பாக நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் அண்ணனைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டவர் அவர்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அண்ணனுக்குப் பிடித்த கடம்பா மீன் வாங்கிக்கொண்டு வருவார். ஆனால் காயின் விலை ஏறியிருக்கிறது என்று டிவியில் சொல்லும்போதெல்லாம் அவருக்கு இருப்புக்கொள்ளாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, கண்ண மூடிக்க. நீ ஆபீஸ்ல உக்காந்துகினு இருக்க. பென்டிரைவ சொருவுற. இன்னா அடிக்கிற? அவசரமில்ல, நெதானமா சொல்லு."

இவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நெற்றியில் வேர்த்தது. உதடு அசைந்தது. கடைசியில் கண்ணைத் திறந்து, "வரலடா" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். சின்ன கம்பெனிதான் என்றாலும், அங்கே பத்துப் பேருக்கு வேலை சொல்லிக்கொடுத்த மனிதர். வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பையன் மாதிரி தம்பி முன்னால் உட்கார்ந்திருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனாலும் கொழுந்தனாரைப் போதும் என்று நான் தடுக்கவில்லை. வந்துவிடாதா என்று நானும் அவர் வாயையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம் கேட்கும்போதெல்லாம் எதையாவது சொல்ல ஆரம்பித்தார். ஒருநாள் பழைய வண்டி நம்பர் என்றார். இன்னொரு நாள் ஒரு பிரெஞ்சுச் சொல். சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்ப்பார். எங்கள் முகம் மலர்ந்தால் அவர் முகமும் மலரும். அதை லேப்டாப்பில் அடித்துப் பார்ப்போம். திறக்காது. வாய்ப்பு ஒன்று குறையும். எங்கள் முகம் விழுந்தால் அவருடையதும் விழும். அவருக்கு உண்மையில் எதுவும் ஞாபகம் வரவில்லை, எங்களைச் சந்தோஷப்படுத்த எதையாவது இட்டுக்கட்டிச் சொல்கிறார் என்று எனக்கு உறைத்தபோது, ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி இருந்தது.

கொழுந்தனாரும் நானும் பேசி முடிவு செய்தோம். நூற்றுக்கு நூறு நிச்சயமாகத் தெரியாமல் அதைத் தொடக்கூடாது. பென்டிரைவைத் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டேன்.

அந்த மாதம் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போனபோது, பயிற்சி தரும் பெண் அவரை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். வயது என்னைவிடக் குறைவுதான். வீட்டில் பேசுகிறாரா என்று கேட்டார். கேட்டதற்குப் பதில் சொல்கிறார் என்றேன்.

"அது சரிங்க. யாரும் கேக்காம, அவரா ஏதாவது சொல்றாரா?"

 யோசித்துப் பார்த்தால், கேட்காமல் ஒரு நிமிஷம்கூட நாங்கள் அவரைச் சும்மா விட்டதில்லை.

ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள் என்றார் அந்தப் பெண். அப்படிக் கேட்பது அவருக்குப் பரீட்சை வைக்கிற மாதிரி. தோற்றுப்போன நினைப்புதான் மிஞ்சும். நீங்கள் பாட்டுக்கு அன்றாடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருங்கள். ஒருநாள் அவராகவே ஏதாவது சொல்லத் தொடங்குவார். அப்போது குறுக்கே பேசாமல், பக்கத்தில் உட்கார்ந்து, அவர் போகிற போக்கிலேயே கேட்டுக்கொண்டு போங்கள் என்றார்.

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். ஆட்டோவில் வரும்போது என் மனதில் ஓடியது என்ன தெரியுமா? அவராகவே ஒருநாள் சொல்லத் தொடங்குவார் என்பது மட்டும்தான். கேட்காமல் வருகிற அந்த ஒன்றுதான் நிஜமான பாஸ்வேர்டாக இருக்கும் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். வீட்டில் எல்லோரிடமும், இனிமேல் யாரும் அவரைக் கேட்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். நான் அக்கறையில் சொல்கிறேன் என்று நினைத்து மாமியார் சந்தோஷப்பட்டார். பாதி அக்கறைதான், மீதி காத்திருப்பு.

கேட்பதை நிறுத்தியதும் அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது உண்மை. மொட்டைமாடியில் துணி காயப்போட உதவுவார். மகள் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது கூட உட்காருவார். அவளுக்கு வராதது அவருக்கு வரும். சாயங்காலத்தில் தெருமுனைக் கடைவரை தனியாகப் போய்ப் பால் பாக்கெட் வாங்கிவர ஆரம்பித்தார்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் எனக்குக் கடை வார விடுமுறை. மத்தியானம். மகள் பள்ளிக்குப் போயிருந்தாள், மாமியார் கொழுந்தனார் வீட்டுக்குப் போயிருந்தார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஜன்னல் ஓரமாக நாற்காலி போட்டு மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையில் இருந்த துண்டைத் திரும்பிப் பார்த்தவர், சிரித்தார்.

"பாப்பா பொறந்தப்ப மஞ்சத் துண்டு வாங்கிட்டு வந்தேனே" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. பிறகு பளிச்சென்று வந்தது. மகள் பிறந்த அன்றும் இப்படித்தான் மழை. குழந்தையைச் சுற்ற வெள்ளைப் பருத்தித் துணி வாங்கிவரச் சொல்லி நர்ஸ் இவரை அனுப்பினார். இவர் கடை கடையாக அலைந்து, பளீர் மஞ்சளில் ஒரு பூத்துவாலையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். நர்ஸ் திட்டிய திட்டில் வார்டே சிரித்தது. தையல் வலியோடு நானும் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் நானே அதை மறந்துபோயிருந்தேன்.

அவர் நிறுத்தவில்லை. மேலே மேலே சொல்லிக்கொண்டே போனார். மழையில் கடைகள் எல்லாம் ஷட்டரை இறக்கிவிட்டன. ஒரே ஒரு கடைதான் பாதி திறந்திருந்தது. அந்தக் கடைக்காரர், பிறந்தது என்ன குழந்தை என்று கேட்டார். பெண் என்று இவர் சொன்னதும் அவரே இந்த மஞ்சள் துண்டை எடுத்துக் கொடுத்தார்... விபத்துக்குப் பிறகு அவர் இத்தனை வாக்கியங்களைச் சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. ஒரு சொல்லில்கூடத் தடுமாறவில்லை. கண் மழையில் இருந்தது. முகம் பழைய முகமாக இருந்தது.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே அங்கேயே உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

நான் எழுந்துவிட்டேன். மஞ்சத் துண்டு. யாரும் கேட்காமல், அவராகவே சொன்ன முதல் விஷயம். அவர் முதலில் மகள் பெயரை அடித்ததும் இந்த நினைவில்தான் போல. வேறு எவனாலும் ஊகிக்க முடியாதது. இதுதான், இதேதான் என்று முடிவே செய்துவிட்டேன். பீரோவைத் திறந்து பென்டிரைவை எடுத்தேன். லேப்டாப்பைத் திறந்து செருகினேன். கொழுந்தனாருக்குப் போன் செய்து கேட்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. எனக்குப் பின்னால் அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஏதோ டீக்கடை என்றார். அப்புறம் என் பெயர் அதில் வந்தது. நான் இங்கிலீஷில் எழுத்துக்கூட்டி மஞ்சத்துண்டு என்று அடித்து, பக்கத்தில் மகள் பிறந்த வருஷத்தையும் சேர்த்தேன். இரண்டு முறை சரிபார்த்தேன். தட்டினேன்.

திரை ஒருமுறை அணைந்து வந்தது. பென்டிரைவில் இருந்ததெல்லாம் அழிக்கப்பட்டுவிட்டது, புதிதாகப் பயன்படுத்தலாம் என்று இங்கிலீஷில் ஒரு வரி. கீழே, புதுப் பாஸ்வேர்டு போடச் சொல்லி இரண்டு கட்டங்கள்.

 பின்னால் பேச்சு நின்றிருந்தது. திரும்பினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தொறந்துச்சா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"நான் அதுக்குச் சொல்லல" என்றார். கோபமே இல்லை. எனக்கு ஏதோ விளங்கவில்லை போல, விளக்கிச் சொல்கிற குரல். "உங்கிட்ட சொல்லணும்னு தோணுச்சு. அதான் சொன்னேன்."

 திரும்ப ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

ஒரு வீட்டையே கையிலிருந்து தவறவிட்டிருக்கிறேன், அதற்கு நான் அழுதிருக்க வேண்டும். அழுதேன்தான், ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு. அவருக்குள்ளிருந்து இத்தனை நாளைக்கப்புறம் ஒரு முழு ஞாபகம் எழுந்து, நேராக என்னைத் தேடி வந்திருக்கிறது. எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த ஒரு சிரிப்பு. அதை நான் எழுத்துக்கூட்டிப் பாஸ்வேர்டு கட்டத்துக்குள் அடித்துப் பார்த்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே கொழுந்தனாருக்குப் போன் செய்தேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் உடனே கிளம்பி வந்தார். கத்துவார் என்று நினைத்துப் பயந்துகொண்டுதான் கதவைத் திறந்தேன். கடைமேல் வாங்கிய கடனை அவர்தான் கட்டிக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபப்பட எல்லா உரிமையும் உண்டு. உள்ளே வந்து உட்கார்ந்தார். எதை அடித்தேன், ஏன் அடித்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். மஞ்சள் துண்டு, மழை, பாதி திறந்த கடை எல்லாவற்றையும். அவர் கடைசிவரை கேட்டார்.

"அண்ணன் அவ்ளோவும் தானா பேசுச்சா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நிறுத்தாம?"

ஆமாம் என்றேன். அவர் உள்ளே படுத்திருந்த அண்ணனை எட்டிப் பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இல்லாம போய்ட்டனே அண்ணி" என்று மட்டும் சொன்னார். காயினைப் பற்றி அதன்பிறகு அவர் என்னிடம் பேசியதே இல்லை. அடுத்த ஞாயிறும் கடம்பா வாங்கிக்கொண்டு வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து, நன்றாக இருக்கிற ஒரு வேளையாகப் பார்த்து, நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். போனை எங்கேயோ வைத்துவிட்டுத்தான் வந்தேன். அன்றைக்கு மஞ்சள் துண்டு கதையில் அப்புறம் என்ன ஆனது, டீக்கடை என்று ஏதோ சொன்னீர்களே, என் பெயர் வந்ததே, அது என்ன என்று கேட்டேன். முதலில் என்னை உற்றுப் பார்த்தார். பீரோ பக்கம் ஒருதரம் பார்த்தார். பிறகு யோசித்தார். நிஜமாகவே முயற்சி செய்தார், எனக்குத் தெரியும்.

"எந்தத் துண்டு?" என்றார்.

நான் அந்தக் கதையை அவருக்குச் சொன்னேன். நர்ஸ் திட்டியது, வார்டு சிரித்தது வரை. மரியாதைக்குச் சிரித்தார். பாதி திறந்த கடைவரைதான் என்னால் சொல்ல முடிந்தது. அதற்குப் பிறகு அந்த மழையில் அவர் எங்கே போனார், டீக்கடையில் யாரிடம் என்ன சொன்னார், என் பெயர் அதில் எதற்காக வந்தது என்பது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம். மகள் பிறந்த அன்று தனியாக மழையில் நனைந்துகொண்டு நின்ற மனிதர் மனதில் என்ன ஓடியது என்று அதற்கு முன்பு அவர் என்னிடம் சொன்னதே இல்லை. நல்லபடியாக இருந்த காலத்தில் அதையெல்லாம் பேச எங்களுக்கு நேரம் இல்லை. அது ஒரே ஒருமுறை மேலே வந்தது. ஒரே வீட்டுக்குள், எட்டடி தூரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு நான் அதைத் தவறவிட்டேன்.

இப்போது அவர் தினமும் பஸ் ஏறித் தம்பி கடைக்குப் போய்வருகிறார். ஒயர் அளந்து கொடுப்பார், பல்ப் எரிகிறதா என்று போட்டுக் காட்டுவார். கணக்கில் தவறு வருவதில்லை. பேச்சு முக்கால்வாசி திரும்பிவிட்டது. கடன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. சொந்த வீடு என்ற பேச்சை நாங்கள் எடுப்பதில்லை. மகள் பெரியவளாகிவிட்டாள். அவளிடம் அவர் நிறைய பேசுகிறார். சமையல்கட்டில் இருக்கும்போது அவர்கள் குரல் கேட்கும். பழைய கதை ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். கேட்க வேண்டும் என்று நான் கூடத்துக்கு வந்தால், பேச்சு லேசாகத் தடுமாறி வேறு பக்கம் போகும். வேண்டுமென்று செய்வதில்லை, அது அவருக்கே தெரியாது. அதனால் சமையல்கட்டிலேயே நின்றுவிடுகிறேன். குழாயை மூடிவிட்டு, அடுப்பைக் குறைத்துவிட்டு, அங்கிருந்தே கேட்கிறேன்.

போன மாதம் கடையில் கூட வேலை பார்க்கும் ஒரு பெண், காயின் விலை மறுபடி எங்கேயோ போய்விட்டதாம், உங்களுக்கு வயிற்றெரிச்சலாக இருக்காதா அக்கா என்று கேட்டாள். இருக்கும்தான், நான் சந்நியாசி இல்லை. ஆனால் மழை பெய்கிற மத்தியானங்களில் என்னை வந்து அறுப்பது அது அல்ல. அந்த டீக்கடையில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார், அவர் சொல்லவும் சொன்னார், நான்தான் கேட்கவில்லை.